முதல் பில்

வாசலுக்கு வலப்பக்கச் சுவரில், ஓர் ஆளின் மார்பு உயரத்தில், கட்டம் போட்டு வெள்ளை அடித்திருக்கும். அதில் திட்டத்தின் பெயர், ஆண்டு, பயனாளி பெயர், ஊராட்சி. கடைசி வரியில் மதிப்பீட்டுத் தொகை. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் தெருவுக்கு நாலு வீட்டில் இதைப் பார்க்கலாம். சுவரில் எழுதியதுதான் என்றாலும் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பலகை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பலகையின் கடைசி வரி ரூ. 2,40,000 என்கிறது. அந்தப் பணம் எங்கே புறப்பட்டது, எந்த வழியாக வந்தது, எங்கெங்கே நின்றது, கடைசியில் யார் கைக்குப் போனது என்பதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவன் நான். வங்கிப் புத்தகத்தைப் படித்துச் சொல்லவும் மனு எழுதவும் அந்த வீட்டு அக்கா என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு மட்டுமல்ல, தெருவுக்கே அவர் அக்காதான்.

அந்த 2,40,000 ஒரே இடத்தில் பிறந்ததல்ல. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளி ஊர்களுக்கு வீடு ஒன்றுக்கு 1,20,000 ரூபாய். அதில் நூற்றுக்கு 60 ஒன்றிய அரசு, 40 மாநில அரசு. ஆக டெல்லியிலிருந்து 72,000, சென்னையிலிருந்து 48,000. இதை வைத்துத் தளம் போட முடியாது என்பது கொத்தனாரைக் கேட்டாலே தெரியும். அதனால் தமிழ்நாடு அரசு கூரைக்கென்று தன் கையிலிருந்து முதலில் 50,000 சேர்த்தது, பிறகு அதை 1,20,000 ஆக்கியது. திட்டத்தின் பெயர் டெல்லியுடையது, பணத்தில் பத்துக்கு ஏழு பங்கு மாநிலத்துடையது. இது போகக் கழிப்பறைக்கு 12,000. சொந்த வீட்டு வேலையில் 90 நாள் பாடுபட்டதற்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலி. அக்கா கட்டிய 2022-23இல் தமிழ்நாட்டில் நாள் கூலி 281 ரூபாய். 90 நாளுக்கு 25,290. எல்லாவற்றையும் கூட்டினால் 2,77,290.

இந்தப் பணத்துக்குப் பாட்டன் பூட்டன் உண்டு. 1957இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு வந்த கிராம வீட்டுத் திட்டம் அதன் பூட்டன். அது கடன், வீட்டுக்கு 5,000 ரூபாய் வரை. திருப்பிக் கட்ட வழி உள்ளவர்தானே கடன் வாங்குவார்? கூலிக்காரர் குடிசைப் பக்கம் அது அதிகம் வரவில்லை. 1983இல் நிலமற்றோருக்கு வேலை தரும் திட்டம் ஒன்று வந்தது. அதன் ஒரு கிளையாக 1985-86இல் இந்திரா வீட்டு வசதித் திட்டம் முளைத்தது. முதலில் தலித் மக்களுக்கும் பழங்குடியினருக்கும் கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கும் மட்டும். 1993-94இல் மற்ற ஏழைகளுக்கும் திறந்தார்கள். 1996 ஜனவரி 1 முதல் அது தனித் திட்டம். அப்போது சமவெளியில் வீட்டுக்கு 20,000. 2004இல் 25,000, 2008இல் 35,000, 2010இல் 45,000, 2013இல் 70,000. 2016இல் பெயர் மாறி 1,20,000 ஆனது. அதோடு நின்றுவிட்டது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை இன்னும் 2 கோடி வீடுகளுக்கு ஒப்புதல் தந்தபோதும் தொகை அதே 1,20,000தான். 2016இல் ஒரு கொத்தனாருக்கு என்ன கூலி கொடுத்தோம், இன்று என்ன கொடுக்கிறோம் என்பதை வீடு கட்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மாநிலத்துக்கும் தனி வம்சம் இருக்கிறது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் பசுமை வீடு, 2024இல் கலைஞரின் கனவு இல்லம். பசுமை வீட்டுக்கு 300 சதுர அடி, சூரிய விளக்கோடு சேர்த்து 1,80,000. கனவு இல்லத்துக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்சம். எங்கள் ஊரில் ஒரே தெருவில் மூன்று ஆட்சியின் வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நல்ல விஷயம்தான் அது. எந்த ஆட்சி வந்தாலும் குடிசையை எடுத்துவிட்டு வீடு கட்டித் தருவது அரசின் வேலை என்பதில் இந்த மாநிலத்தில் சண்டை இல்லை.

ஆனால் முதல் தலைமுறை வீடுகளை எங்கள் பக்கத்தில் யாரும் திட்டத்தின் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொகுப்பு வீடு என்பார்கள். ஊருக்கு வெளியே, வாய்க்கால் கரையைத் தாண்டி, வரிசையாக ஒரே அச்சில் கட்டியவை. ஒண்டவே இடமில்லாதவர்களுக்கு அன்று அது பெரிய காரியம். அதே வீடுகள் முப்பது வருடத்தில் என்ன ஆயின என்பதையும் பார்த்துவிட்டோம். கடல் உப்புக் காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும், ஊதிய கம்பி காங்கிரீட்டைப் பிளக்கும், தூங்கும்போது காரை தலையில் விழும். மழைக்காலத்தில் தளத்துக்குக் கீழே தார்ப்பாய் கட்டி அதற்குக் கீழே படுத்தவர்களை எனக்குத் தெரியும். 2000-01க்கு முன் கட்டிய வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் தனித் திட்டமே வந்தது. பழுதுபார்க்க முடியாத 25,000 வீடுகளை இடித்துக் கட்ட 2025 பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினார்கள். போதாத காசில் கட்டிய வீட்டுக்கு அரசு இரண்டாம் முறையும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

பணம் வருவதற்கு முன்னால் மனை வேண்டும். மனைக்குப் பட்டா வேண்டும். கீழத் தஞ்சையில் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் பண்ணையாள் குடியிருந்த இடமும் பண்ணைக்குச் சொந்தம். கூலி கேட்டால் வேலை மட்டும் போகாது, குடிசையும் போகும். 1971இல் வந்த குடியிருப்பு மனைச் சட்டம், விவசாயத் தொழிலாளி குடியிருந்த இடத்தை அவருக்கே சொந்தமாக்கியது. அக்காவின் மாமனார் பெயரில் அந்த வழியாக வந்த பட்டா இருந்தது. தகரப் பெட்டியில், பாலிதீன் உறைக்குள், நாலாக மடித்து. மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது, எண் மட்டும் தெரிந்தது. அந்த ஒரு எண் இருந்ததால்தான் மற்றதெல்லாம் நடந்தது. அடுத்த தெருவில் கோயில் மனையில் குடியிருப்பவர்களுக்கு அது கிடையாது. மூன்று தலைமுறையாக அங்கேயே இருந்தாலும் மண் சுவாமிக்குச் சொந்தம். பட்டா இல்லை, ஆகவே வேலை உத்தரவும் இல்லை. டெல்டா முழுக்கக் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் வீடு போட்டிருப்பவர்களின் நிலை இதுதான். மிகவும் ஏழைகளில் ஒரு பெருங்கூட்டத்தை இந்தத் திட்டங்கள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. இதற்கு வழி காணாமல் எத்தனை லட்சம் வீடு என்று அறிவித்தாலும் அந்தத் தெருவில் கீற்றுதான்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறியது. அக்கா வீட்டில் அன்றைக்கு மிஞ்சியது மண்சுவர் மட்டும். கூரை முழுசாக எழும்பிப் போய்ப் பக்கத்து வயலில் கிடந்தது. வாரையும் கழியும் தனித்தனியாக. தென்னை மரங்களே சாய்ந்துவிட்டதால் திரும்ப வேய்வதற்குக் கீற்றும் கிடைக்கவில்லை. நிவாரணமாகக் கொடுத்த தார்ப்பாயைப் போட்டுக்கொண்டார். 2011 கணக்கெடுப்பில் விடுபட்டவர்களைச் சேர்க்க அந்தச் சமயத்தில் ஒரு புதிய கணக்கெடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவர் பெயர் ஏறியது. பெயர் ஏறிய பட்டியல், வேலை உத்தரவாக மாறி வர 2022 ஆனி மாதம் ஆயிற்று. மூன்றரை வருடம் ஒரு தார்ப்பாய் தாங்காது. மூன்று தார்ப்பாய் மாற்றினார்.

அந்த உத்தரவு ஒரு தாள்தான். கிராம சபையில் வைத்துக் கொடுத்தார்கள். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வரும் வழியில் என்னிடம் கேட்டார்: "தம்பி, இனிமே பணம் வந்துரும்ல?"

வரவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது: பேஸ்மட்டம் ஏறினால் முதல் பில், லிண்டல் ஏறினால் இரண்டாவது, தளம் போட்டால் மூன்றாவது, பூசி வெள்ளையடித்துப் பலகை எழுதினால் கடைசி. தவணை என்று தாளில் இருக்கும். வாயில் பில்தான். அந்தச் சொல்லே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. பில் என்பது செய்து முடித்த வேலைக்குத் தருவது. ஒப்பந்ததாரர் தன் பணத்தைப் போட்டு வேலையை முடித்துவிட்டுப் பில் வாங்குவார், அவரிடம் போட முதல் இருக்கும். தார்ப்பாயில் குடியிருப்பவரையும் அதே இடத்தில் நிறுத்திப் பேஸ்மட்டம் ஏற்றிவிட்டு வா என்றால் அவர் எங்கே போவார்? உத்தரவு கொடுத்த ஒரு வாரத்துக்குள் முதல் தவணை கணக்கில் ஏற வேண்டும் என்று ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறியே சொல்கிறது. நான் பார்த்த ஒரு வீட்டுக்கும் அப்படி ஏறியதில்லை. பணத்தை வாங்கிக் குடித்துவிடுவார்கள், கட்ட மாட்டார்கள் என்று காரணம் சொல்வார்கள். இருபது வீடு கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கூலிக்காரக் குடும்பத்துப் பெண் தன் வீட்டுக்கு வந்த பணத்தை வேறு எதற்கும் எடுத்து நான் பார்க்கவில்லை. தாலியில் இருந்த குண்டு இரண்டையும் விற்று அந்தப் பணத்தோடு சேர்த்துப் போட்டதைத்தான் பார்த்தேன்.

டெல்டாவில் பேஸ்மட்டம் சின்ன வேலை இல்லை. இது வண்டல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். மேலாகக் கடகால் வெட்டி எழுப்பினால் முதல் கோடையிலேயே சுவர் ஓடிவிடும். ஆழமாக வெட்ட வேண்டும், அடியில் மணல் நிரப்ப வேண்டும், தண்ணீர் விட்டு அமுக்க வேண்டும், வெள்ளம் நிற்கும் உயரத்துக்கு மேலே கட்டி உள்ளே சவுடு கொட்ட வேண்டும். செம்மண் பூமியில் கட்டுகிறவருக்கும் இங்கே கட்டுகிறவருக்கும் திட்டம் ஒரே தொகையைத்தான் கொடுக்கிறது. மலைப்பகுதிக்குப் பத்தாயிரம் கூட உண்டு. களிமண் பூமிக்கு ஒன்றும் இல்லை. அக்காவுக்குப் பேஸ்மட்டம் மட்டும் 58,000 ஆனது. மகளிர் குழுவில் 40,000 எடுத்தார், தோட்டை அடகு வைத்தார். பழைய இடத்திலேயே கட்டுவதால் இருந்த சுவரையும் இடித்தாயிற்று. அவரும் மகனும் கொல்லையில் நாலு கழி நட்டு அதே தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு குடியிருந்தார்கள்.

ஆவணிக் கடைசியில் பேஸ்மட்டம் முடிந்தது. படம் எடுக்க ஆள் வர வேண்டும். செல்போனில் அதற்கென்று ஒரு செயலி இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நேரத்தில் எடுத்தது என்பதோடு படம் பதிவாகும், பயனாளியும் படத்தில் நிற்க வேண்டும். வந்த அன்று அக்கா நடவில் இருந்தார். கூப்பிட்டதும் சேற்றுக் காலோடு ஓடி வந்தார். வீட்டுக்கு முன்னால் நின்று எடுக்கும் படமாயிற்றே, நல்ல புடவை கட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். நேரமில்லை. அப்படியே பேஸ்மட்டத்து மூலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. போனில் சிக்னல் இல்லை. வந்தவர் வேலிப் பக்கம் போனார், வாய்க்கால் மேட்டில் ஏறினார், புளிய மரத்தைத் தாண்டிப் போனார். அக்கா கையை எடுக்கவே இல்லை. எடுத்துவிட்டால் படம் போய்விடுமோ என்று நினைத்துக்கொண்டார் போல. கால்மணி நேரம் அப்படியே நின்றார்.

அந்தப் படம் கணினியில் ஏறியதும் அதன் பேரில் ஒரு பணப் பரிமாற்ற ஆணை பிறக்கிறது. எஃப்டிஓ என்பார்கள். ஒருவர் தயார் செய்ய, இரண்டு பேர் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் மாநிலத்தின் திட்டக் கணக்கிலிருந்து பணம் கிளம்பி நேராகப் பயனாளி கணக்குக்கு வரும். நடுவில் யார் கையிலும் நோட்டாக அது வராது. 1985இல் ராஜீவ் காந்தி, அரசு செலவழிக்கும் ஒரு ரூபாயில் 15 காசுதான் மக்களைச் சேர்கிறது என்று வருந்திச் சொன்னார். இன்று கிளம்பிய ரூபாய் அப்படியே வந்து சேர்கிறது. இது பெரிய முன்னேற்றம், இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முன்பு பில் வாங்கப் போனால் எத்தனை மேசைக்கு எத்தனை கை நீளும் என்று அப்பா காலத்துக் கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். இப்போது என் கேள்வி வேறு. ரூபாய் முழுசாக வருகிறது, எப்போது வருகிறது?

அக்காவின் முதல் பில் கிளம்பிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. இதைத் தெரிந்துகொள்ளவே எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் போட்டாச்சு என்றார்கள், வங்கியில் கேட்டால் வரவில்லை என்றார்கள். இரண்டும் உண்மை. 2020 ஏப்ரலில் பொதுத்துறை வங்கிகள் பலவற்றை இணைத்ததைத் தொடர்ந்து கிளைகளின் ஐஎஃப்எஸ்சி எண்கள் மாறின. கணக்கெடுப்பில் எழுதிய பழைய எண் பட்டியலில் அப்படியே கிடந்தது. பணம் இல்லாத முகவரியைத் தேடிப் போய்விட்டு வந்திருக்கிறது. புது எண்ணைச் சேர்த்தால் பெயர் சரியில்லை என்று வந்தது. ஆதாரில் ஓர் எழுத்து கூட, வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்து குறைவு. உத்தரவு கொடுக்கும் முன்பே ஒரு ரூபாயைப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு ரூபாய்ச் சோதனை செய்யாததற்கு அக்கா கொடுத்த விலை இரண்டு மாதம். ஒவ்வொரு முறை போய்வரவும் ஒரு நாள் நடவுக் கூலி போயிற்று. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொல்லைக் கொட்டகைக்குள் தண்ணீர் வந்தபோது, நாலு பக்கமும் திறந்த அந்தப் பேஸ்மட்டத்தின் மேல் ஏறித் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பிளஸ் டூ. மடியில் புத்தகப் பை.

பணம் தீபாவளி கழித்து ஏறியது. சிமென்ட்டும் கம்பியும் ஊராட்சி ஒன்றியக் கிடங்கிலிருந்து வருவதால் அதன் விலை கழிந்துதான் பில் வரும். கழிந்தது போக வந்ததில் முதலில் வட்டி.

மீதி எங்கே போயிற்று என்பதுதான் இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த பகுதி. காவிரியின் கடைமடையில் இருக்கிறோம், ஆற்றுமணல் எங்களுக்கு எட்டாது. எம்சாண்டும் ஜல்லியும் புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரியிலிருந்து வர வேண்டும். இங்கே கல் என்பதே கிடையாது. டிப்பர் வாடகையில் ஒரு பங்கு அங்கே போகிறது. டிப்பர் எங்கள் தெருவுக்குள் வராது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியபோது சமவெளியில் குறைந்தது 500 பேர் உள்ள குடியிருப்புகளுக்குத்தான் சாலை என்று வைத்தார்கள். எங்கள் கீழத்தெரு அந்தக் கணக்கில் வரவில்லை. மெயின் ரோட்டில் கொட்டுவார்கள். அங்கிருந்து குட்டி யானையில் பாதி தூரம், மிச்சத்துக்குத் தலைச்சுமை. ஒரு டிப்பர் ஜல்லியை அன்னக்கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கொண்டுவர ஆறு பெண்களுக்கு இரண்டு நாள் ஆனது. வீட்டுக்கு ஒரு திட்டம், சாலைக்கு ஒரு திட்டம் என்று அரசு தனித்தனியாக வைத்திருக்கிறது. சாலை வராத ஊரில் வீட்டுப் பணத்தைத்தான் சாலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சுவருக்குச் செங்கல் கட்டுபடியாகாது என்று ஹாலோ பிளாக் வாங்கினார். ரோட்டோரத்தில் அந்தக் கல் போடும் பட்டறை வைத்திருப்பவர், பிரதமரின் வேலை உருவாக்கும் திட்டத்தில் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர். அந்தத் திட்டத்தில் கிராமத்தில் தொழில் தொடங்கினால் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதமும், பெண்கள், பட்டியல் சாதியினர் போன்றோருக்கு 35 சதவீதமும் மானியம், மீதியில் பெரும்பங்கு வங்கிக் கடன். மெஷின் ஒன்று, நாலு ஆள், வேப்ப மர நிழலில் வரிசையாகக் காயும் கற்கள். சுற்றுவட்டாரத்தில் அரசு வீடு கட்டும் அத்தனை பேரும் அவரிடம்தான் வருவார்கள், அத்தனை பேரும் பில் வந்ததும் தருகிறோம் என்பார்கள். அவர் நோட்டுப் புத்தகத்தை எனக்குக் காட்டினார். பெயருக்கு எதிரே தொகை, அதற்கு எதிரே பே, லி, த என்று ஒவ்வோர் எழுத்து. பேஸ்மட்டம், லிண்டல், தளம். யார் வீடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யார் பணம் எப்போது வரும் என்று அந்த நோட்டில் இருந்த தெளிவு எனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. "பில் நின்னா எனக்கு சிமென்ட் கடையில நிக்கும் சார். ஆனா பேங்க்காரன் அஞ்சாந்தேதி நிக்க மாட்டான்" என்றார். அவருக்குக் கடன் கொடுத்ததும் அரசுத் திட்டம், அவர் கல்லை வாங்குவதும் அரசுத் திட்டம். ஒரு திட்டத்தின் பணம் தாமதிக்கிற நாளுக்கெல்லாம் இன்னொரு திட்டத்தின் கடனுக்கு வட்டி ஏறுகிறது. அதைச் சுமப்பது அக்காவும் அவரும். சென்னையிலோ டெல்லியிலோ இந்த வட்டிக்கு ஒரு கணக்குத் தலைப்பும் இல்லை. அரசு காலத்தில் கொடுக்கும் பணம் வீட்டை மட்டும் கட்டுவதில்லை, அந்தப் பட்டறையில் நாலு பேருக்கு வேலையும் கொடுக்கிறது. காலம் கடந்து கொடுக்கும் அதே பணத்தால் இரண்டு குடும்பங்களுக்கும் கடன்.

தை பிறந்து நிலை வைத்தார்கள். வாசல் நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அடியில் ஒரு ரூபாய் நாணயம் போட்டு. இரண்டாவது பில் சிக்கலில்லாமல் வந்தது, பதினெட்டு நாளில். வழி திறந்துவிட்டால் பணம் நன்றாகவே வருகிறது. நூறு நாள் கூலிதான் இழுத்துக்கொண்டு போயிற்று.

பங்குனியில் தளம் போட்டோம். போட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும், தெருவே நின்றது. விடிகாலை நாலு மணிக்குக் கலவை மெஷின் வந்தது, வாய்க்கால் பாலத்தில் தள்ளித் தள்ளி ஏற்றினோம். முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பலகை மேலே கம்பி கட்டி முடித்திருந்தது. ஆளுக்கு ஆள் கை மாறிப் பாண்டு சட்டி மேலே போகும், காலி சட்டி கீழே வரும். அந்த வரிசையில் நடுவில் அக்கா நின்றார். சொந்த வீட்டுக்காரர் நிற்க வேண்டாம் என்று கொத்தனார் சொல்லிப் பார்த்தார். மற்ற ஊரில் எத்தனை பேர் வீட்டுக்குச் சட்டி தூக்கியிருக்கிறேன், என் வீட்டுக்குத் தூக்க மாட்டேனா என்றார். பகல் பதினொன்றுக்குள் 269 சதுர அடியும் முடிந்தது. அதன் பிறகு கோழிக் குழம்புச் சோறு. மறுநாள் தளத்தின் மேல் கலவையால் சின்னச் சின்ன வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கினார்கள், வயலில் பாத்தி கட்டுவது போலவே. இருபது நாள் அந்தத் தண்ணீர் வற்றாமல் அக்கா பார்த்துக்கொண்டார். ராத்திரி இரண்டு தடவை எழுந்து குடம் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவார். தொகுப்பு வீட்டுத் தளம் பிளந்ததைப் பார்த்து வளர்ந்தவர். தண்ணீர் குறைந்தால் தளம் வெடிக்கும் என்று கொத்தனார் ஒரே ஒரு தடவை சொன்னார், அது போதுமாயிருந்தது.

பூச்சு, தரை, கதவு, மின் இணைப்பு. இவற்றின் கதையைச் சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். கடைசியாகப் பலகை எழுதும் பையன் வந்தான், பக்கத்து ஊர்க்காரன். பலகை எழுதி, அதோடு வீட்டையும் வீட்டுக்காரரையும் படம் எடுத்தால்தான் கடைசி பில். அக்கா இந்த முறை முன்கூட்டியே பட்டுக் கரை போட்ட புடவை கட்டித் தயாராக இருந்தார். பையன் தொகை எழுதும் வரியில் நிறுத்தி, அச்சடித்த தாளைப் பார்த்து 2,40,000 என்று எழுதினான். அக்காவுக்கு எழுத்து அவ்வளவாக வராது, எண் நன்றாகத் தெரியும். உள்ளே போய்க் குழுவின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். மகன் கையெழுத்தில் ஒரு வருடக் கணக்கு. கடகால் வெட்டியதிலிருந்து ஆணி வாங்கியது வரை. வட்டியை மட்டும் தனிப் பக்கத்தில், சிவப்பு மையில் எழுதியிருந்தான். அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டி, "இதையும் கூட்டிச் சொல்லு தம்பி" என்றார். கூட்டினேன். 21,400.

கடைசி பில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏறியது. அக்கா வீட்டு வாசலில் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டிருக்கிறார், தளத்துச் சூட்டுக்குப் பகலில் உள்ளே படுக்க முடியாது. அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். மகன் போனில் சத்தம் வந்தது. அவன் படித்தான். நான் வாங்கி இன்னொரு தடவை படித்தேன். அக்கா தொகையை விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, "கல்லுப் பட்டறைக்காரருக்கு ஒரு போன் போடு தம்பி. பொழுது போறதுக்குள்ள வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு. அவருக்கு அஞ்சாந்தேதி வருதுல்ல" என்றார்.